இடம் மாறிய ஐந்தாவது புள்ளி

"அது கோழிக்கூடு இல்ல சார், எங்கண்ணன்!"

பாக்கியசீலி கணினித் திரையில் விரலைக் குத்தினாள். குத்திய குத்தில் மேலே போய்க்கொண்டிருந்த செயற்கைக்கோளே ஒரு முறை ஆடியிருக்கும்!

கரடிமேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, சரியக்கூடிய மலைமுகத்தில், மூன்று தகடுகளை மூலைபோல் சேர்த்த ஆறு தகரங்களை நட்டிருந்தார்கள். பன்னிரண்டு நாளுக்கொரு முறை கடக்கும் செயற்கைக்கோளின் ரேடார் அலை அவற்றில் பட்டுத் திரும்பும். படத்தில் வெள்ளைப் புள்ளியாக மினுங்கும். புள்ளி நகர்ந்தால் மலை நகர்கிறது என்று பொருள். தகரங்களைப் பராமரித்தவர் சீலியின் அண்ணன் இருதயராஜ். மழையில் மேலே போனவர் ஆறு நாளாகத் திரும்பவில்லை. தேடியவர்களும் பாதையோரத்தோடு திரும்பிவிட்டார்கள்.

நான்கு நாளுக்கு முன் வந்த படத்தில் ஐந்தாவது புள்ளி இருநூறு மீட்டர் தள்ளி, ஓடைப் பக்கம் மினுங்கியது. படம் பார்க்கும் கமாலுதீன் சிரித்தபடி 'கோழிக்கூடு' என்று குறித்து மூடிவிட்டான். காரணம் இருந்தது. தகரம் நட்ட மாதமே இரண்டைப் பிடுங்கிப்போய்க் கோழிக்குக் கூரை போட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள். விண்வெளி முட்டை என்று விலையைக்கூட ஏற்றிவிட்டார்கள்!

இப்போது கமால் சிரிக்கவில்லை. "வாங்கக்கா, போவோம்."

ஜீப் ஓட்டும் ஒண்டிவீரனும் சேர்ந்துகொண்டார். விடிந்ததும் ஏறினார்கள். மழையா அது! மீன்கள் மரமேறித் தப்பிக்கும் மழை! அட்டைகள் ஒவ்வொன்றும் புடலங்காய் நீளம்.

"சார், உங்க ஷூவுக்குள்ள ஒரு குடும்பமே குடியிருக்கு. ரேஷன் கார்டு கேக்கப்போகுது" என்றார் ஒண்டிவீரன். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

ஓடைக்கரைப் பாறையருகே தகரம் நின்றது. கற்களை முட்டுக் கொடுத்து, வானத்தை நோக்கிச் சரியாகத் திருப்பி வைத்திருந்தது. பக்கத்தில் இருதயராஜ். கால் கல்லுக்கடியில். உடம்பு சில்லிட்டிருந்தது.

தகரத்தின் அடியில் நனையாத நோட்டு. கமால் படித்தான்.

'மண்ணோடு தகரமும் நானும் சரிந்து வந்துவிட்டோம். பக்கத்தில் விரிசல். காலையில் மூன்று விரல். சாயங்காலம் ஐந்து. மறுநாள் ஒரு முழம். கீழே கோயில் லைன் வீடுகளில் இருக்கும் ஆட்களை இறக்கிவிடவும். தகரத்தைத் திருப்பி வைத்திருக்கிறேன். கமால் பார்த்துவிடுவான்.'

கடைசித் தேதி முந்தாநாள்.

கமால் திரும்பிப் பார்த்தான். அந்த விரிசல் இப்போது ஓர் ஆளை விழுங்கும் அகலம். உள்ளே கல் உருளும் சத்தம்!

"அண்ணனைத் தூக்குங்க!" என்றான்.

"தூக்கிட்டு ஓட முடியுமா?" சீலி அண்ணனின் தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டாள். "நாப்பது வீடு இருக்கு கீழ. நடங்க சார். அழுறத அங்க வச்சிக்கலாம்."

ஓடினார்கள். கத்தினார்கள். கைக்குழந்தை முதல் கடைசிக் கோழிவரை கோயில் லைன் காலியானது. மதியம் மலை இறங்கியது. நாற்பது வீடும் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஊர் சீலியைத் தோளில் தூக்கியது. அவள் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எந்தப் புள்ளி நகர்ந்தாலும் கமால் எழுதுவதற்கு முன் நடந்துபோய்ப் பார்த்தான்.

எட்டாம் நாள் அடுத்த படம் வந்தது. ஓடைப் பக்கம் வெறும் சாம்பல் நிறம்.

"இருக்கா சார்?"

"இல்லக்கா."

"நல்லாப் பாருங்க."

கமால் நல்லாப் பார்த்தான்.