குலம் கேட்காத மழைக்காலம்

"அப்படியே நில்லுங்க... அசையாதீங்க!"

ஒகோத் உறைந்து நின்றான். அவனது நீலச் சட்டை முழுக்கத் தூக்கநோய் பரப்பும் செட்சே ஈக்கள்! உண்ணிச்செடிப் புதரிலிருந்து வலையோடு வந்த நியாகெச்சோ, ஒவ்வொன்றாகப் பிடித்துக் குப்பியில் போட்டாள்.

"இந்த ஈக்கு நீலம்னா உயிரு. நாங்க பொறி வெக்கிற துணியே நீலந்தான். நீங்க என்னடான்னா, பொறியே நடந்து வந்த மாதிரி..."

"எங்க கம்பாலா ஆய்வுக்கூடத்துக்கு ஈயெல்லாம் செத்துத்தாங்க வரும்!"

அவள் சிரித்தாள். மழைக்குச் சற்று முன் தொரோரோ மலையில் விழும் வெளிச்சம் அந்தக் கண்களில்...

மழைக்காலம் முழுவதும் இருவரும் சேர்ந்தே உழைத்தார்கள். அவள் ஈயின் குடலில் தூக்கநோய் ஒட்டுண்ணியைத் தேடினாள். அதே குடலில் வாழும் பாக்டீரியாவின் பிளாஸ்மிடை, வளையமாய்ச் சுருண்ட அந்தச் சின்ன மரபிழையை, அவன் எழுத்தெழுத்தாகப் படித்தான்.

"இது தாய்கிட்டருந்து பிள்ளைக்கு மட்டும் போறதில்ல. பக்கத்துல இருக்கற பாக்டீரியாவுக்கும் தாவிடும்."

"வெக்கங்கெட்டது! குலம் கிலம் பார்க்காதா?"

சிரித்தார்களே தவிர, தங்களுக்குள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பதோலா மக்களின் பெயர் பிறந்த பொழுதைத்தான் சொல்லும். அவன் மழையில் பிறந்தவன், அவள் பஞ்சத்தில். குலத்தை வாய்திறந்து கேட்டுத்தான் அறிய வேண்டும். படிக்காதவன்கூடக் கேட்டுவிட்டுத்தான் ஒரு பெண்ணை நிமிர்ந்து பார்ப்பான். இவர்கள் படித்தவர்கள்...

பெண் கேட்டு வந்தவனிடம் அவள் தந்தையின் முதல் கேள்வியே அதுதான்.

"எந்தக் குலம், தம்பி?"

"ரமோகி, ஐயா."

கேழ்வரகுக் களியோடு வந்த நியாகெச்சோ வாசலிலேயே நின்றுவிட்டாள். தந்தை எழுந்தார்.

"நாங்களும் ரமோகி. நீ எனக்கு மகன் முறை. மகனா உக்காந்து சாப்பிடு. மருமகனா இந்த வாசல்ல நிக்காதே."

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்தக் களியை யாரும் தொடவில்லை.

சாலையோரம் மழை. இருவரும் கம்பாலா வண்டிக்காக நின்றார்கள்.

"கம்பாலா போயிடலாம் நியாகெச்சோ... அங்க யாரு கேக்கப்போறா?"

"நான் கேப்பேன். தினமும் என்னையே கேப்பேன்."

"அப்போ... என்மேல ஒண்ணுமே இல்லையா?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"உங்களைத்தான் மனசுல வெச்சிருக்கேன். இன்னொருத்தரை அங்க வெக்க முடியும்னு தோணல. இதை ஒரு தடவைதான் சொல்லுவேன்..."

வண்டி வந்து நின்றது. அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"பார்த்துப் போயிட்டு வாங்க... அண்ணா."