செத்தது இறால், பிழைத்தது புழு

"மாளவிகாதான் பண்ணினா. அதை ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கோ சார், போறும்!"

ஆழ்வார்பேட்டை அலுவலகத்துக்குள் நுழைந்த ஸ்ரீரஞ்சனி உட்காரவே இல்லை. நனைந்த குடை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

துப்பறிவாளர் அய்யாதுரை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "முதல்ல செத்தது யாருன்னு சொல்லுங்கம்மா."

"என் இறால்!"

உதவியாளன் உமர் ஃபாரூக்கின் பேனா நின்றது. "எறாவா?"

ஸ்ரீரஞ்சனி விலங்கியல் ஆய்வு மாணவி. கல்லூரியில் அடிக்கடி கரண்ட் போய்விடும் என்பதால், நகத்தளவு ஏரி இறால்களை மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தாள். போன வாரம் அதில் வெள்ளைத் தட்டைப்புழுக்கள் தோன்றின. முக்கோணத் தலையோடு கண்ணாடியில் ஊர்ந்து, இறால் குஞ்சுகளைத் தின்னும் ஜாதி. உடன் ஆய்வு செய்யும் மாளவிகா கொடுத்த நீர்ச்செடியில் ஒட்டிக்கொண்டு வந்தவை. அதில் தொடங்கிய சண்டையில் இருவருக்கும் பேச்சே நின்றுபோனது.

"நேத்து நான் இல்லாதப்போ ஆத்துக்கு வந்திருக்கா, எதிராத்துல பார்த்துட்டுச் சொன்னா. கார்த்தால பார்த்தா எல்லாம் மல்லாந்து கிடக்கு. முட்டை சுமந்த மூணு இறாலைக் காணும். அடியில ஏதோ பாட்டில்! மத்தியானம் புரொஃபசர் ஊருக்குக் கிளம்பறார். அதுக்குள்ள கம்ப்ளெயின்ட் குடுத்தா அவ ரிசர்ச் சீட் காலி."

"அப்ப இங்க ஏன் நிக்கிறோம்?" என்று எழுந்தார் அய்யாதுரை.

ஆட்டோவில் வழி முழுக்க அவள் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் உமர், தொட்டிக்குள் கையை விட்டுப் பாட்டிலை வெளியே எடுத்தான். மூடியில் சின்ன ஓட்டை. உள்ளே ஒரு துண்டு மீன். அதைச் சுற்றிப் புழுக்கள்.

"மீனா! ஆத்துக்குள்ளயா!" ஸ்ரீரஞ்சனியின் அம்மா காமாக்ஷி இரண்டடி பின்வாங்கினாள்.

"விஷம் தடவின மீன் சார்! கேஸ் முடிஞ்சிச்சு" என்றான் உமர்.

"விஷம் தின்ன புழு இப்படி நெளியுமாப்பா? இது பொறி. வாசனைக்கு உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாது. மாளவிகா புழுவைப் பிடிக்கத்தான் வந்திருக்காங்க." அய்யாதுரை தொட்டியருகே குனிந்தார். "இறால் செத்துக் கிடக்கு. நத்தையும் செத்திருக்கு. கப்பி மீன் நீந்துது, புழு நெளியுது. என்ன கலந்தா இப்படி ஆகும்? நீங்கதான் படிச்சவங்க."

ஸ்ரீரஞ்சனி செத்த நத்தையைப் பார்த்தாள். "தாமிரம். லேப்ல மயில்துத்தம் இருக்கு, அது தாமிர உப்புதான். மாளவிகா கைக்கு எட்டற அலமாரி!"

"ஆகா!" என்றான் உமர்.

"தாமிரம் இந்த வீட்டுலயும் இருக்கே" என்றார் அய்யாதுரை.

பூஜை அலமாரியில் பாத்திரங்கள் வரிசையாக மின்னின. நேற்று வெள்ளிக்கிழமை, புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு. ஒரு தாமிரச் சொம்பு மட்டும் மங்கியிருந்தது.

"சொம்புல தண்ணி வெச்சா உள்ளேதான் மங்கும். இது வெளியேயும் மங்கியிருக்கு, அடிப்பக்கம் உட்பட. விளிம்புல பச்சைப் பாசி வேற. மாமி, ராத்திரி தொட்டிக்குள்ள இறக்கி வெச்சீங்களா?"

காமாக்ஷி புடவைத் தலைப்பைத் திருகினாள். சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"லாரித் தண்ணியில புழு வந்தா அண்டாவுல இதைத்தான் போடுவேன். இவ சாப்பிடாம அழுதுண்டே படுத்தா. தாங்கலை. விடிஞ்சா புழு போயிருக்கும்னு நினைச்சேன். எறா போயிடுத்து."

"ஏம்மா சொல்லலை?" ஸ்ரீரஞ்சனி கத்தினாள். "நான் அவ சீட்டைக் காலி பண்ணப் போறேன்னு குதிச்சிண்டிருந்தேனே!"

"நீ போட்ட கூச்சல்ல பயந்துட்டேண்டி. அந்தப் பொண்ணு வேற, 'புழுவால ஆபத்து, முட்டை எறாவை மட்டும் எங்காத்துக்கு எடுத்துண்டு போறேன், சொல்லிடுங்கோ மாமி'ன்னு சொல்லிட்டுத்தான் போனா. அவ பேரை எடுத்தாலே நீ சீறினே. அதையும் முழுங்கிட்டேன்."

அய்யாதுரை தொலைபேசியை ஸ்ரீரஞ்சனி பக்கம் நகர்த்தினார். "கம்ப்ளெயின்ட் எங்கம்மா?"

"பையில."

"அது அங்கயே கிடக்கட்டும். முதல்ல இதைச் சுத்துங்க."

அவள் எண்களைச் சுழற்றினாள். "மாளு... அந்த மூணு இறாலும்..."

மறுமுனைக் குரல் உமருக்கே கேட்டது. "உசிரோடதான் இருக்கு. முட்டை பொரியற மாதிரி தெரியறது, சீக்கிரம் வா. உங்காத்துத் தண்ணியை மட்டும் ஒரு சொட்டு கொண்டு வந்தே, வாசல்லயே நிறுத்திடுவேன்!"

ஸ்ரீரஞ்சனி ரிசீவரை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். பையிலிருந்த புகார்க் கடிதத்தை எடுத்து அய்யாதுரையின் கையில் திணித்தாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"நீயும் கிளம்பும்மா. நடந்ததை நீதான் அவகிட்ட சொல்லணும்."

காமாக்ஷி சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் குடையை எடுத்தாள்.