கொதித்த தண்ணீர்

வளையல் சத்தம்தான் முதலில் கேட்டது. திவ்யதர்ஷினியின் கையிலிருந்து டிரிப் ஊசியை எடுத்து, பஞ்சை ஒட்டி, "கைய ஆட்டாம தூங்கு" என்று சொல்லிவிட்டு மோகனா அறைக் கதவைச் சாத்தி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கல்யாண வீட்டில் வளையல் குலுங்குவது அதிசயமா என்ன? ஆனால் கை அசைந்தால் வளையல் குலுங்கும், நிற்கும், மறுபடி குலுங்கும். இது நிற்கவே இல்லை. சின்னதாக, வேகமாக, ஒரே சீராக, மூடிய கதவுக்குப் பின்னால் கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன. அடுப்படியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்த மோகனாவின் கரண்டி பாதியில் நின்றது.

கதவைத் திறந்தாள். பகல் பதினொரு மணி. ஜாசின் ஊர் வெயில் ஜன்னல் கம்பிகளைச் சுட்டுக்கொண்டிருந்தது. செம்பனை எண்ணெய் ஆலையின் புளித்த வாடை அறையில் தேங்கி நின்றது. அந்தப் புழுக்கத்தில் கல்யாணப் பெண் கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு கிடந்தாள். கட்டிலே ஆடியது. பற்கள் கடகடவென்று அடித்தன.

"அக்கா, ஏர்கோன அடைச்சிடுங்க. குளுருது."

ஏர்கோன் போடவே இல்லை.

மோகனா கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஏனென்றால் இந்த வீட்டில் அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது.

திவ்யதர்ஷினி கறுப்பு. நல்ல களையான கறுப்பு. ஆனால் சிம்பாங் அம்பாட்டிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, போட்ட பலகாரத்தையெல்லாம் தின்றுவிட்டு, "பொண்ணு லட்சணம்தான், கலர்தான் கொஞ்சம் மட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு திலகவதி ஆறு மாதமாகப் பெற்ற மகளைக் கடலை மாவில் புரட்டி எடுத்தாள். கடைசியில், கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கடைத்தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் மோகனாவைக் கூப்பிட்டாள். வெளுக்க வைக்கும் டிரிப். மோகனாவிடம் டாக்டர் சான்றிதழா இருந்தது? ஒன்றும் இல்லை. கிளினிக்கில் இரண்டு வருடம் மருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

மருந்துப் பொடியைக் கரைப்பதற்கென்று தனியாக வரும் சுத்தத் தண்ணீர் போத்தல் இன்று அவள் பையில் இல்லை. பார்லருக்குப் போய் எடுத்து வரச் சோம்பல். மூன்று நாளாகத் தாமான் குடியிருப்பில் குழாயிலும் தண்ணீர் இல்லை. குளியலறைத் தோங்குப் பீப்பாயில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை மொண்டு, துணியில் வடிகட்டி, கெத்தலில் ஊற்றி, இருபது நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆறியதும் அதில் பொடியைக் கரைத்து ஏற்றினாள். அவளுடைய அம்மா தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரசருக்கு ஊசி அவித்துக் கொடுத்தவள். சுடுதண்ணிக்குத் தப்பினது உலகத்திலே எதுவும் இல்லை என்பாள். மோகனாவும் அதைத்தான் நம்பினாள். கொதிச்சா எல்லாம் செத்துப்போகும். செத்தது என்ன செய்யும்?

"என்னா மோகனா, இப்படி நடுங்குறா?" திலகவதி வாசலில் நின்றாள்.

"ஒண்ணும் இல்லக்கா. டிரிப் ஏறுனா அப்படித்தான். உள்ள இருக்கிற அழுக்கு வெளியாவுது."

பொய் அத்தனை சுலபமாக வந்தது.

மதியம் உடம்பு அனலாய்க் கொதித்தது. இரண்டு தடவை வாந்தி. திலகவதி வாசலில் நின்ற காடியின் சாவியைத் தேடினாள். "கிளினிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்லா."

கிளினிக் என்றால் டாக்டர் கேட்பான். யார் ஏற்றியது, என்ன மருந்து, எந்தத் தண்ணீர் என்று துருவுவான். மோகனா திலகவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்க்கா. அங்க போய் குத்துவானுங்க, கை வீங்கிப் போவும். தாலி கட்டுற நேரத்துல நல்லாவா இருக்கும்? கண்ணு பட்டிருக்கு. சுத்திப் போடுங்க."

திலகவதி உப்பும் மிளகாயும் எடுத்து மகளின் தலையை மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்தது. ஒருவருக்கும் இருமல் வரவில்லை. "பாத்தியா, நெடியே இல்ல! எத்தன கண்ணு! பாவிங்க!" என்று அவள் ஊரையே திட்டித் தீர்த்தாள். காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது. மோகனா பனடோல் மாத்திரை இரண்டைப் பிரித்துக் கொடுத்தாள். அவளுக்கே அப்போது வெட்கமாக இருந்தது.

நாலு மணிக்கு நடுக்கம் நின்றது. வளையல்கள் ஓய்ந்தன. அப்பாடா என்று மோகனா மருதாணிக் கோனை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். நெற்றி இன்னும் சுட்டது. ஆனால் விரல்கள் ஐஸ் பெட்டியில் வைத்த மீன் மாதிரி சில்லென்று இருந்தன. உள்ளங்கையில் பூவைப் போட்டாள், கொடியைப் போட்டாள், பத்து விரல் நுனியிலும் நகம் மறைய மருதாணியை அப்பினாள். பெண் மூச்சை வேக வேகமாக இழுத்தாள். ஓடி வந்தவள் இழுப்பது போல. ஓடவில்லை, படுத்திருக்கிறாள்.

"பஸ் வந்திருச்சு," என்றாள் திவ்யதர்ஷினி, கூரையைப் பார்த்து. "நான் எறங்கணும்."

"என்னாடி சொல்ற?"

திவ்யதர்ஷினி கூரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காலுக்கு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மோகனா கோனை மூடினாள்.

ஆறு மணிக்குக் கையைக் கழுவினார்கள். காய்ந்த மருதாணி பாளம் பாளமாகப் பேசினில் விழுந்தது. திலகவதி வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மாடி! எப்படிப் புடிச்சிருக்கு பாரேன்! மாப்புள உசுரையே வெச்சிருப்பாரு!" சம்பந்தி வீட்டுக்குச் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள்.

மோகனா நகரவில்லை. இருபது வருடமாக மருதாணி வைக்கிறாள். கழுவினதும் மருதாணி ஆரஞ்சு நிறம்தான். கருஞ்சிவப்பு மறுநாள்தான் ஏறும். உள்ளங்கைப் பூ ஆரஞ்சாகத்தான் இருந்தது. கொடியும் ஆரஞ்சுதான். விரல் நுனிகள் மட்டும் ஊதா. ஓரத்தில் கறுப்பு.

ஒரு விரலை அழுத்தினாள். விட்டாள். ரத்தம் திரும்பி வரவே இல்லை.

வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. திவ்யதர்ஷினியின் அண்ணன்காரன் பிரவின். மலாக்கா டவுனில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் வேலை; மெஷினுக்குப் போகும் தண்ணீரைச் சோதிப்பதுதான் அவன் தொழில். கை கழுவக் குளியலறைக்குள் போனான். தோங்கில் கையை விட்டவன் வெளியே எடுத்துப் பார்த்தான். விரல்களில் வழவழவென்று பாசி. பக்கத்தில், அடுப்படியில் இருக்க வேண்டிய கெத்தல். கெத்தலுக்குப் பக்கத்தில் மோகனா தூக்கிப் போட மறந்த மருந்துக் குப்பி. குப்பியோடு அறைக்கு வந்தவன் கட்டிலில் மூச்சிழுக்கும் தங்கையைப் பார்த்தான்.

"அக்கா. டிரிப் போட்டீங்களா?"

"ஆமா."

"எந்தத் தண்ணியில கலந்தீங்க?"

"போத்தல் தண்ணிதான்."

அவன் குப்பியைத் தூக்கிக் காட்டினான். "கெத்தலுக்குப் பக்கத்துல கெடந்துச்சு."

"கொதிக்க வெச்சேன்லா தம்பி! இருபது நிமிஷம்! எல்லாம் செத்திருக்கும்!"

"செத்திருக்கும்க்கா." தங்கையின் விரல்களைப் பார்த்தான். "அதான் வெனையே. கிருமி செத்தா அதோட தோலு உடைஞ்சு தண்ணியில கெடக்கும். வெஷம் அந்தத் தோல்லதான் இருக்கு. எவ்ளோ கொதிச்சாலும் போவாது. ஒடம்புக்கு உயிரோட இருக்கிறதும் செத்ததும் ஒண்ணுதான். உள்ள பூந்துட்டாங்கன்னு நெனச்சு தன்னையே அடிச்சுக்கும். ரத்தம் உள்ளுக்குள்ளயே ஒறைஞ்சு போவும். காலையிலயே சொல்லியிருந்தா..."

தங்கையின் நாடியைப் பிடித்துப் பார்த்தான். வேறிடத்தில் பிடித்தான். ஆம்புலன்சுக்குப் போன் போட்டுக்கொண்டே வழிகாட்டத் தெருமுனைக்கு ஓடினான்.

அறையில் இரண்டு பேர். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மிளகாய் கருகிய வாடை இப்போதுதான் தொண்டையில் ஏறியது. மதியம் ஒருவருக்கும் ஏறாத வாடை. மோகனாவுக்கு இருமல் வந்தது. அடக்கினாள்.

"அக்கா." வறண்ட குரல். கண் பாதி திறந்திருந்தது. "கை மரத்துப் போச்சு. பாக்க முடியல. நல்லா செவந்திருக்கா?"

"செவந்திருக்கும்மா."

"கறுப்பா இல்லியே?"

மோகனா அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்தாள்.

கால் குளிர்ந்திருக்கும். தேய்த்துவிடலாம். எதையாவது செய்ய வேண்டும். போர்வையின் நுனியைத் தூக்கினாள்.

திலகவதி போனைக் காதில் வைத்தபடியே வாசலில் வந்து நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். பத்து கால் விரல்களும் கருநீலம். அதே நிறம் பாதத்தின் மேலே கொடி கொடியாகப் படர்ந்திருந்தது. எந்தக் கோனும் போடாத கொடி. கணுக்காலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

திலகவதியின் முகத்தில் இன்னும் மருதாணியைப் பார்த்த சிரிப்பு இருந்தது.

"காலுக்கு எப்ப வெச்ச, மோகனா?"