தண்ணீர்த் தொட்டியில் கலந்தது

மனைவி டீயை நீட்டியபோதுதான் பண்ணைக்காரருக்கு அந்த வாடை முதலில் தெரிந்தது. கோழிக்கொட்டகை வாடை இல்லை. எச்சத்தின் நெடியும் ஈரத் தவிட்டின் புளிச்ச வீச்சமும் இருபது வருடப் பழக்கத்தில் அவர் மூக்குக்கு உறைப்பதை விட்டுவிட்டன. இது வேறு. அழுகப் போகும் பழத்தைப் போல லேசாக இனித்தது. அவள் விரலைச் சுற்றியிருந்த துணிக்கட்டுக்குள்ளிருந்து வந்தது.

"நாலு நாளாச்சே, இன்னுமா ஆறல?"

"கோழி நகம் கீறினதுக்குப் போய்... மாத்திரை போட்டிருக்கேங்க. சரியாயிடும்."

மறுநாள் கை முழங்கை வரை வீங்கியது. அதற்கடுத்த நாள் காய்ச்சலில் கண் செருகிய நிலையில், சுவரைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "தண்ணி வச்சாச்சா? தண்ணி வச்சாச்சா?" கோழிகளுக்கா, வேறு யாருக்காவதா என்று அவருக்குப் புரியவில்லை. அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அங்கே இரண்டு நாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி, மருந்து நெடி, விட்டுவிட்டுக் கூவும் ஏதோ ஒரு மெஷின். மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டரம்மா கையில் ஒரு தாளோடு வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்தால் நல்ல சேதி இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"ரத்தத்துல இருக்கிற கிருமி எந்த மருந்துக்கு அடங்கும்னு சோதிச்சுப் பார்த்தோம். இதுக்கு அடங்கல. இதுக்கும் அடங்கல."

ஒவ்வொரு பெயராக வாசித்தார். பண்ணைக்காரருக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் அந்தப் பெயர்கள் அத்தனையும் தெரிந்தன. முதல் பெயர், குஞ்சு இறக்கிய வாரம் நோய் வருமுன்பே தொட்டியில் கலக்கும் மஞ்சள் பொடி. அடுத்தது மழைக்காலத்து வெள்ளைப் பொடி. அதற்கடுத்தது நீலக் கேன் மருந்து. அவருடைய அலமாரியை யாரோ வரிசை மாறாமல் படித்துக் காட்டுவது போலிருந்தது.

"கடைசியா ஒண்ணு. எல்லாம் கைவிட்டாத்தான் இதை எடுப்போம். சும்மா தொடவே மாட்டோம்." டாக்டரம்மா தாளை மடித்தார். "அதுக்கும் அடங்கல."

அந்தப் பெயரும் தெரிந்தது. நோய்க்கென்று இல்லை, எடை ஏறுவதற்காக இரண்டு வருடமாகத் தீவனத்தில் கை கையாக அள்ளிப் போட்டது.

"பண்ணையில என்னென்ன கலக்கறீங்களோ, டப்பாவோட கொண்டு வாங்க. சுகாதாரத் துறை ஆளுங்க வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு கோழிகூட வெளிய போகக் கூடாது."

வெயில் சாயும் நேரத்தில் பண்ணைக்கு வந்து வண்டியை நிறுத்தினார். நிறுத்திய பிறகும் இறங்கவில்லை. எட்டாயிரம் கோழிகளின் இரைச்சல் ரோடு வரை கேட்க வேண்டும். ஒரு சத்தமும் இல்லை.

குழாயடியில் மச்சினன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். கையெல்லாம் நகக் கீறல்கள்.

"அக்கா எப்படி இருக்கு மாமா?"

"கோழி எங்கடா?"

"லாரி காலையிலயே வந்துடுச்சு. நீங்க இருக்கிற நிலைமையில எதுக்குத் தொந்தரவுன்னு நானே ஏத்தி விட்டுட்டேன். நல்ல எடை. ஒண்ணுகூட நோஞ்சான் இல்ல."

லாரி டிரைவருக்குப் போன் போட்டார். நான்காவது தடவைதான் எடுத்தான்.

"கடைசிக் கூடையும் இறக்கியாச்சுண்ணே. இன்னைக்கு எல்லாக் கடையிலயும் நல்ல கூட்டம்."

போனைப் பையில் போட்டதுகூட அவருக்கு நினைவில்லை. டப்பாக்களை எடுக்க வேண்டும். அது ஒன்றுதான் மனதில் இருந்தது. கொட்டகைக்குள் நுழைந்தார். தரையில் கணுக்கால் உயரத்துக்கு எச்சமும் உமியும், மேலே இறகுகளும் காய்ந்து கிடந்தன. இத்தனை வருடத்தில் இந்தக் கொட்டகையில் தன் மூச்சுச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை.

அப்போது கோடியில் மின்விசிறிகள் ஓடத் தொடங்கின.

சூடு ஏறினால் தாமாகவே ஓடுபவை. ஆளுயரத்துக்கு நான்கு. உள்காற்றை வெளியே, ரோட்டுப் பக்கம் தள்ளுபவை. தரைத்தூசி மெல்ல எழுந்தது. சாய்ந்த வெயிலில் பொன்னிறமாக மினுங்கியபடி நகர்ந்தது. அவரைத் தாண்டிப் போனது.

சுவிட்ச் அந்தக் கோடியில் இருந்தது. ஓடினார். ஒவ்வொரு அடிக்கும் இன்னும் தூசி எழுந்தது. கண்ணில். நாக்கில். தொண்டையில்.

பக்கத்துக் கம்பிவலை வழியே ரோடு தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்ட நேரம். பிள்ளைகள். சைக்கிள்கள். மேலெல்லாம் மெல்லிய பொன்தூசி.

"போங்க... தள்ளிப் போங்க..."

விசிறி இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். குழந்தையின் முகத்தில் படிந்த தூசியை விரலால் துடைத்தாள். குழந்தை சிணுங்கியது. அவள் சிரித்துக்கொண்டே அதே விரலை அதன் வாயில் வைத்தாள்.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுச் சப்பத் தொடங்கியது.