பெட்டியோடு போன கறுப்புக் கார்

"எடுத்தது நீருதான்வே! வேற எவன் எடுப்பான்?"

"வாயை அளந்து பேசும்! கப்பல்ல முப்பது வருசம் எஞ்சினைக் கட்டி அழுதவன் நான். உம்ம பொம்மைக் காரைத் திருடித்தான் பொழைக்கணுமோ?"

"பொம்மையா? எதை வே பொம்மைங்கீரு?"

1996. ஐப்பசி கடைசி. திங்கட்கிழமை காலை ஒன்பது இருபது.

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் ஒரு காம்பவுண்டுச் சுவர். அந்தப் பக்கம் பனியனோடு, கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தேவசிகாமணி. இந்தப் பக்கம் பாதி முகத்தில் சவர நுரையோடு ஐயம்பெருமாள்.

மீதிப் பாதியை மழிக்கப் போகும்போதுதான் கண்ணாடி அலமாரியைப் பார்த்தாராம்.

பத்து கார்கள் நின்றன.

பதினொன்றாவது நின்ற இடத்தில்... வெல்வெட் துணியில் நாலு சின்னக் குழிகள்!

ஐயம்பெருமாள் கலெக்டர் ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் ஆளாளுக்குத் தபால்தலை, நாணயம் என்று சேர்க்க, இவர் சேர்த்தது சீனத்துச் சொகுசுக் கார்கள். உலோகத்தில் வார்த்த குட்டி மாதிரிகள். வேறு தேசத்துக் கார் எதுவும் அந்த அலமாரியில் ஏறக்கூடாது.

"பென்சை எவனும் வச்சிருப்பான்" என்பார்.

அவர் ஏறிப் போவது? இருபத்திரண்டு வருஷத்துச் சைக்கிள்!

காணாமல் போனது ஹோங்ச்சி. சீனத்துப் பெரிய தலைவர்கள் போகிற கார். ஒரு சாணுக்குச் சற்று அதிகம். விசிறி போல முகப்பு வலை. லாந்தர் போலப் பின்விளக்கு. பின் கண்ணாடியில் சாம்பல் நிறத் திரைச்சீலை. பானெட்டின் மேல் குட்டிச் சிவப்புக் கொடி. கதவு நாலும் திறக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும்.

அந்த வீட்டில் அவர் திருப்பின பக்கம் திரும்புவது அது ஒன்றுதான் என்று மனைவி வடிவம்மாள் சொல்வதுண்டு.

"காரை மட்டும் எடுத்திருந்தா சும்மா திருடன்னு விட்டுருவேன்வே!" ஐயம்பெருமாள் சுவரைத் தட்டினார். "பீரோ மேல கெடந்த வெறும் பெட்டியையும்லா எடுத்திருக்கான்! பெட்டி இல்லாத காருக்குப் பாதி மதிப்புன்னு தெரிஞ்சவன் இந்த ஜில்லாவுல ரெண்டே பேரு. ஒண்ணு நான். இன்னொண்ணு?"

விரல் சுவரைத் தாண்டி நீண்டது.

தேவசிகாமணி வாயைத் திறந்தார்.

அதற்குள்... கிரீச்!

போலீஸ் ஜீப்!

*

இன்ஸ்பெக்டர் காஜா முகைதீன் ஓடி வந்தார். பின்னால் ஏட்டு.

"கறுப்பு வெளிநாட்டுக் கார் திருட்டுன்னு போன்ல சொன்னது நீங்களா? ரெண்டு செக்போஸ்ட்டை மூடச் சொல்லிட்டு வாரேன். வண்டி நம்பர்?"

"நம்பர் கிடையாது சார்."

"எங்கன நின்னுச்சு?"

"ரெண்டாவது தட்டுல."

இன்ஸ்பெக்டர் அலமாரியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"ஏட்டையா... செக்போஸ்ட்டைத் தொறக்கச் சொல்லும்."

"சார், திருட்டு திருட்டுதானே!" ஐயம்பெருமாள் வெறும் தட்டைத் தொட்டுக் காட்டினார். "நாலு வருசமா அதுக்கு முன்னாலதான் காப்பி குடிக்கேன். எனக்கு ஒரு பிள்ளை மாதிரி சார்!"

அசல் பிள்ளை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

அனுராதா. இருபத்து மூன்று வயது. ஒரே மகள். அவள் பார்வை போனுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் மாறி மாறி ஓடியது. அவள் தலையணைக்கு அடியில் பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனியின் வேலை உத்தரவு இருந்தது. அடுத்த திங்கள் சேர வேண்டும்.

அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "மொதல்ல கல்யாணம். வேலையெல்லாம் அவிய வீட்டுல கேட்டுக்க."

அந்த 'அவிய' நேற்றுத்தான் வந்து போனார்கள். ஸ்ரீவைகுண்டத்துக்காரர்கள். மாப்பிள்ளை சங்கர், வங்கி அதிகாரி. இன்று பத்து மணிக்குப் போனில் முடிவு சொல்வதாகப் பேச்சு.

வடிவம்மாள் கணவரை அடுப்படிக்குள் இழுத்தாள்.

"நேத்து வந்தவிய பேரை மட்டும் எடுத்துராதீங்க! பொண்ணு பாக்க வந்த வீட்டுக்குப் போலீசு போச்சுன்னா, இவளைப் பாக்க இனிமே எவன் வருவான்?"

"நான் ஏன் எடுக்கேன்? களவாணி பக்கத்து வீட்டுலல்லா இருக்கான்!"

களவாணி பக்கத்து வீடாக இருந்தால் எவ்வளவு சௌகரியம்!

*

தேவசிகாமணியின் வீட்டில் தேட ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை.

முன்னறை ஷோகேஸ். பைபிளுக்குப் பக்கத்தில், கர்ச்சீப் போட்டு மூடின ஒரு மேடு.

இன்ஸ்பெக்டர் கர்ச்சீப்பை உருவினார்.

பளபளவென்று... கறுப்பு ஹோங்ச்சி!

"பாத்தீரா! பாத்தீரா!" ஐயம்பெருமாள் குதித்தார்.

தேவசிகாமணிக்கு வேர்த்தது.

"சார், இது என் சொந்தக் காரு! சனிக்கிழமை தூத்துக்குடிக்கு வந்த கப்பல்ல நம்ம கூட்டாளி கொண்டாந்தான். நாலு வருசமா இந்த மனுசன் ஒரு காரை வச்சுக்கிட்டு என்னைப் படுத்துன பாடு... இன்னைக்குச் சாயங்காலம் காட்டி வயித்தெரிச்சலைக் கெளப்பணும்னு மூடி வச்சிருந்தேன்!"

"பில்லு?"

"கப்பக்காரன் எங்க சார் பில்லு தருவான்?"

"பெட்டி?"

"அது... நசுங்கிப் போச்சுன்னு வழியிலயே தூரப் போட்டுட்டான்."

"ஏட்டையா, ஜீப்பை எடும்."

"ஆண்டவரே!" தேவசிகாமணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "சார், அடுத்த ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கமிட்டித் தேர்தல். நான் நிக்கேன்!"

ஜீப்பில் ஏறினால் ஓட்டு ஏறாது. அந்தக் கவலை அவருக்கு.

"கொஞ்சம் பொறுங்க சார்."

வாசலில் வடிவம்மாள். பின்னால் அனுராதா. அம்மாவைத் தள்ளிக்கொண்டு வந்ததே அவள்தான்.

"அண்ணாச்சியைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால ஒண்ணு பாருங்க. எங்க காருல ஒரு அடையாளம் இருக்கு."

"என்ன அடையாளம்?"

வடிவம்மாள் கணவரைப் பார்த்தாள். கணவர் பல்லைக் கடித்தார்.

"ஆயுத பூசையன்னைக்கு வண்டிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கணும்லா சார்... சைக்கிளுக்கு வச்சேன். இதுகளும் வண்டிதானேன்னு, பதினொண்ணுக்கும் ஆளுக்கொரு பொட்டு..."

"நாலு நாளு நான் இவகிட்டப் பேசலை!" ஐயம்பெருமாள் வெடித்தார். "பல்லு தேய்க்கிற பிரஷ்ஷை வச்சுத் தேச்சேன். மத்ததெல்லாம் வந்துட்டு. ஹோங்ச்சிக்கு மட்டும் அந்த விசிறி வலைக்குள்ள போன குங்குமம் வரவே இல்ல!"

இன்ஸ்பெக்டருக்கு வேறொரு சந்தேகம்.

"சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்குவீங்களே... இதுக்கு எப்படி?"

"எலுமிச்சை சக்கரத்தை விடப் பெருசா இருந்துது சார். அரிநெல்லிக்கா வச்சேன்."

ஏட்டு மறுபக்கம் திரும்பி இருமினார்.

ஐயம்பெருமாளின் பூதக்கண்ணாடி வந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்தார். விசிறி வலை. ஒவ்வொரு கம்பியாக...

தேவசிகாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

"சுத்தமா இருக்கு. குங்குமம் இல்ல."

"ஸ்தோத்திரம்!"

"கழுவியிருப்பான் சார்!"

"நீங்களே தேச்சு வராத குங்குமம், இவரு கழுவுனா மட்டும் வந்துருமோ?" இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். குரல் மாறியது. "பூட்டு உடையலை. ஜன்னல் உடையலை. அப்ப நடு வாசல் வழியா வந்தவன்தான் எடுத்திருக்கான். நேத்து உங்க வீட்டுக்கு யாரு வந்தா?"

"யாரும் வரலை" என்றார் ஐயம்பெருமாள்.

"யாருமே வரலை" என்றாள் வடிவம்மாள்.

"ஏன் வரலை? ஏழு பேரு வந்தாவளே!"

குரல் தெருவிலிருந்து! எதிர்வீட்டு செல்லக்கிளி. கையில் முறம். ஒன்பது இருபதிலிருந்து அதே கைப்பிடி அரிசியைத்தான் புடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஸ்ரீவைகுண்டத்துல இருந்து பொண்ணு பாக்க வந்தாவ சார். மாப்பிள்ளைக்கு நீலச் சட்டை. கேசரி ரெண்டு தரம் வாங்குனாவ. வரும்போது ஒரு பை நெறையப் பழம். போகும்போதும் பை கனமாத்தான் போச்சு. நமக்கு எதுக்கு அடுத்த வீட்டுக் கதை!"

வடிவம்மாள் அழ ஆரம்பித்தாள்.

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

"மாப்பிள்ளை பொண்ணைப் பாத்தாரா?"

பதில் சொன்னது ஐயம்பெருமாள். இப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"அலமாரியைத்தான் சார் பாத்தாரு... அஞ்சு நிமிசம் பொண்ணும் பையனும் பேசட்டும்னு அந்த ரூமுலதான் விட்டோம்..."

"ஏட்டையா, ஸ்ரீவைகுண்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"சார்!" அனுராதா குறுக்கே வந்தாள். "பத்து நிமிசம் பொறுங்க. அவிய பத்து மணிக்குப் போன் போடுவாவ. அது வந்த பொறவு நானே..."

"நீயே?"

"ஒண்ணுமில்ல சார்."

அவள் முந்தானை நுனி கயிறாகத் திரிந்துகொண்டிருந்தது.

*

டிரிங்... டிரிங்...!

சரியாகப் பத்து!

எல்லோரும் ஐயம்பெருமாள் வீட்டுக்கு ஓடினார்கள். செல்லக்கிளி முறத்தோடு ஓடினாள்.

ஐயம்பெருமாள் ரிசீவரை எடுத்தார். காய்ந்த நுரை கன்னத்திலிருந்து உதிர்ந்தது.

"ஆமா... நான்தான்... அப்படியா! ரொம்ப சந்தோசம்!"

வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்தினார்.

"பொண்ணு பிடிச்சிருக்காம்!"

வடிவம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்போதுதான் அந்தக் கூச்சல்!

"ஏமாத்துக்காரப் பய!"

அனுராதா!

பாய்ந்து ரிசீவரைப் பிடுங்கினாள்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? காரையும் வாங்கிட்டு, பெட்டியையும் வாங்கிட்டு, இப்பப் பிடிச்சிருக்குன்னா சொல்லுதீங்க? பிடிக்கலைன்னு சொல்லுததுக்குத்தானே குடுத்தேன்!"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுமுனையில் ஓர் இருமல். கிழட்டு இருமல்.

பேசிக்கொண்டிருந்தது மாப்பிள்ளை இல்லை. மாப்பிள்ளையின் அப்பா!

"ஏட்டி..." ஐயம்பெருமாள் அப்படியே நாற்காலியில் சரிந்தார். "நீயா? என் ஹோங்ச்சியை நீயா?"

"ஆமாப்பா." இனி மறைக்க என்ன இருக்கிறது! "வேலைக்குப் போகணும்னு அஞ்சு தடவை சொன்னேன். காதுல வாங்கலை. அவரு என் மூஞ்சியைக்கூடப் பாக்கலை, காரையே பாத்தாரு. வேணுமான்னு கேட்டேன். எடுத்துக்கிடுங்க, பொண்ணு பிடிக்கலைன்னு மட்டும் சொல்லிருங்கன்னேன். நான்தான் பழப் பையில வச்சேன். பிடிக்கலைன்னு போன் வந்த ஒடனே உண்மையைச் சொல்லிருவோம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அண்ணாச்சியை..."

தேவசிகாமணியைப் பார்த்துத் தலைகுனிந்தாள்.

இன்ஸ்பெக்டர் ரிசீவரை வாங்கினார்.

"உங்க மகன்கிட்டக் குடுங்க... தம்பி சங்கரா? பெட்டியோட பஸ் ஏறும். பன்னெண்டுக்குள்ள இங்கன நிக்கணும்!"

*

பதினொன்று ஐம்பதுக்கு வந்தான் சங்கர். பிறந்த குழந்தையைத் தூக்கி வருவது போலப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தான்.

பூதக்கண்ணாடி. விசிறி வலை.

உள்ளே... சிவப்பாய் ஒரு துளி!

"இதேதான்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஏன் தம்பி, ஒத்துக்கிட்டு வாக்கு மாறுனீரு?"

சங்கர் அனுராதாவை முதல் தடவையாக நேராகப் பார்த்தான்.

"பெட்டி இருக்கான்னு கேட்டேன் சார். எதுக்குன்னு இவிய கேக்கலை! ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாவ. தூசியைத் தட்டுனாவ. உள்ள இருக்கிற அட்டை மடிப்புக் கலையாம, கொடி வளையாம, காரை வச்சுக் குடுத்தாவ. ராத்திரி பூரா ஒறக்கம் வரலை. இப்படி ஒரு பொண்ணை எப்படி சார் பிடிக்கலைன்னு பொய் சொல்லுதது?"

"எனக்குத் திங்கக்கிழமை பெங்களூர்ல வேலையில சேரணும்" என்றாள் அனுராதா. கண்ணில் இன்னும் கோபம்.

"அதை நேத்தே சொல்லியிருந்தா காரே வேண்டாம்னிருப்பேனே. போயிட்டு வாங்க. எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க. தோணலைன்னா அதையும் நீங்களே சொல்லுங்க... நான் சொன்னா சரியா வரலை."

செல்லக்கிளி முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பா, நான் போகட்டுமா?"

ஐயம்பெருமாள் ஹோங்ச்சியின் மூன்றாவது கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"போ... போ..."

மகளுக்குச் சொன்னாரா, கிறுகிறுப்பில் சொன்னாரா என்று நம் தெரு இன்றும் பட்டிமன்றம் நடத்துகிறது. அனுராதா மறுபடி கேட்கவில்லை. புத்திசாலி!

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார்.

"பொண்ணு வீட்டுல மாப்பிள்ளை கார் வாங்குனா வரதட்சணை. உள்ள தள்ளிருவேன். கல்யாணம் வேண்டாம்னு சொல்லக் கார் வாங்கியிருக்கானே... ஏட்டையா, இதுக்கு என்ன செக்ஷன்?"

"புஸ்தகத்துல இல்லையே அய்யா!"

"அப்பக் கேஸ் இல்ல. ஆனா ஒண்ணு!" லத்தி சங்கரை நோக்கி நீண்டது. "பின்னால கல்யாணம்னு ஒண்ணு நடந்து, இந்தக் காரு கைமாறிச்சுன்னு கேள்விப்பட்டேன்... நானே வந்து எழுதுவேன்!"

*

அனுராதா ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினாள்.

தேவசிகாமணி அதே ஞாயிறு ஆறு ஓட்டில் தோற்றார். வாசலில் ஜீப் நின்றதுதான் காரணம் என்றார். சர்ச்சில் வேறு காரணம் சொன்னார்கள். மறு வருஷம் மகள் ஸ்வீட்லின் வீட்டோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார், கறுப்புக் காரை மடியில் வைத்துக்கொண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர் கண்ணைத் துடைத்தார். கேட்டதற்குச் சவர நுரை என்றார்.

சங்கர் பெங்களூருக்கு மாசம் ஒரு கடிதம் போட்டான். எல்லாம் கார் சமாச்சாரம். மூன்றாவது பக்கத்தில் மட்டும் 'நலமா' என்று ஒரு வரி. பதினெட்டாவது கடிதத்துக்கு அனுராதா பதில் போட்டாள். பத்தொன்பதாவதை அவன் போடவில்லை. பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு நேரில் போய்விட்டான்.

1999 தை மாதம் பாளையங்கோட்டையில் கல்யாணம்.

மாமனார் மாப்பிள்ளைக்கு என்ன கொடுத்தார் என்றுதானே கேட்கிறீர்கள்?

பெட்டி. வெறும் பெட்டி!

காரை எப்படிக் கொடுப்பார்? முதல் பந்தியில், முதல் இலையில், பூதக்கண்ணாடியும் கையுமாக இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தாரே!