சக்கரக் கும்மி

"ஏனுங்க அம்மணி, கெட்டியாப் புடிச்சுக்குங்க… நான் தள்ளியுட்டர்றேன்."

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டதும் மதிவதனிக்குப் பகீரென்றது. உக்கடம் பெரியகுளத்துக் கரை. ஞாயிற்றுக்கிழமை காலை. பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த சாரல் அவள் இமையில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. சக்கரத்தைத் தள்ளித் தள்ளி உள்ளங்கை எரிகிறது. முன்னால் கடைசி ஏற்றம்… அதைத் தாண்டினால் முடிவுக் கோடு.

"வேண்டாங்க… வேண்டாங்க," என்றாள் மூச்சு வாங்க.

கேட்டால்தானே? இலைமேல் கையை வைத்து மறைத்தாலும் விரலிடுக்கில் ரசத்தை ஊற்றிவிட்டுப் போகிற ஊர் இது. 'வேண்டாங்க' என்று விருந்தாளி சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கரண்டி விழுந்திருக்கும். அதை மரியாதைக்குச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஊரில் வளர்ந்த பிள்ளை, பிடித்தான் பாருங்கள் ஒரு பிடி. சக்கர நாற்காலி ஜிவ்வென்று ஏற்றத்தில் ஏறி, கோட்டைத் தாண்டி, பூந்தொட்டிக்கு முன்னால் போய் நின்றது.

அவன் முன்னால் வந்து நெற்றி மழையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். ஊருக்கே கிணறு வெட்டிக் கொடுத்தவன் மாதிரி ஒரு சிரிப்பு. நடுவர் விசில் ஊதி, மதிவதனியின் பெயரைப் பலகையில் கோடு போட்டு அடித்தார்.

"எந்த ஊருங்க நீங்க?" என்றாள் மதிவதனி. 

"தொண்டாமுத்தூருங்க. பேரு கிருபாசங்கர். தேங்கா லோடு எறக்க வந்தனுங்க…"

"தேங்காயை எறக்கிட்டுப் போயிருக்கலாம்ல? என்னை எதுக்கு ஏத்துனீங்க?"

அவன் விழித்தான். பக்கத்தில் ஓடி வந்த அஃப்ஷீன்தான் விளக்கினாள். அவள் வடவள்ளி மறுவாழ்வு மையத்தில் பிசியோதெரபிஸ்ட், மதிவதனியின் உயிர்த்தோழி. மையத்தில் ஒரு நீச்சல் தொட்டி இருக்கிறது. தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் முடங்கிய கால்கூட மிதக்கும், வலி மறக்கும், விளையாடலாம். ஆனால் இறங்குவதற்கு யாராவது ஒருவர் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி இறக்க வேண்டும். உட்கார்ந்தபடியே தானாக இறங்கி ஏற ஒரு லிப்ட் வேண்டுமென்றுதான் இந்த ஓட்டம். மையத்துக்காரர் ஒருவராவது அடுத்தவர் கை படாமல் கரை முழுவதையும் கடந்தால் லிப்ட் வாங்கித் தருவதாக ஒரு கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. மற்றவர்கள் எல்லாரும் வழியிலேயே நின்றுபோனார்கள். மிஞ்சியிருந்தது மதிவதனி ஒருத்திதான்.

"உங்க கை பட்டுருச்சு," என்று முடித்தாள் அஃப்ஷீன்.

அவன் முகம் சப்பென்று விழுந்தது. தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். மழைத் துளி தொங்கும் புருவத்துக்குக் கீழே அந்தக் கண்கள்… சே, இந்த நேரத்தில் கண்ணைப் பற்றி என்ன நினைப்பு என்று மதிவதனி தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"கேக்காமச் செஞ்சுபோட்டேனுங்க. என்ற காசுல அந்த லிப்ட்டை…"

"உங்க காசு வேண்டாங்க."

அவன் தயங்கினான். "இது நெசமாவே வேண்டாமுங்களா… இல்ல, சும்மா மரியாதைக்குங்களா?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு நாற்காலியைத் திருப்பினாள்.

அடுத்த ஞாயிறு மைய வாசலில் டெம்போ வந்து நின்றது. இளநீர்க் குலைகளோடு அவன் இறங்கினான். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, காலில் செம்மண்.

"வாத்தியார் வந்துட்டாருடி," என்று அஃப்ஷீன் காதைக் கடித்தாள். விசாரித்துவிட்டாள் போலிருக்கிறது. தென்னந்தோப்பு வேலை போக மிச்ச நேரத்தில் அவன் தொண்டாமுத்தூரில் கும்மி வாத்தியாராம். சின்னதும் பெரிதுமாக ஒரு கூட்டமே அவன் பாட்டுக்கு ஆடுமாம்.

"எங்க மாரியம்மன் நோம்பிக்குக் கும்மி ஆடறமுங்க," என்றான். "பாக்க வர்றவங்க அன்பளிப்புத் தருவாங்க. அது பூராத்தையும் இந்த லிப்ட்டுக்கே குடுத்தர்றமுங்க."

"நல்லதுங்க. நாங்க என்ன பண்ணணும்? ஓரமா உக்காந்து பாத்துட்டுக் கடைசியில கும்பிடு போடணுமா?"

"ஐயோ, அப்படியில்லீங்க…"

"அப்ப நாங்களும் ஆடறோம்."

மதிவதனி கண்ணை எடுக்காமல் பார்த்தாள். முடியாது என்று சொல்லட்டும், இளநீரோடு திருப்பி அனுப்பிவிடலாம். அவனோ தலையைச் சொறிந்தான்.

"ஒரு சிக்கல் இருக்குதுங்க. கும்மின்னா ரெண்டு கையும் தட்டோணும். வட்டம் சுத்தோணும்னா உங்களுக்கு அதே ரெண்டு கையும் சக்கரத்துல இருக்கோணும். எப்படிங்க?"

அட, காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே இவன். ஆட்டத்தைப் பற்றியல்லவா கவலைப்படுகிறான். அவளுக்கு உள்ளே ஏதோ குறுகுறுத்தது.

"தெரியலைங்க. நீங்கதானே வாத்தியாரு, கண்டுபுடிங்க."

காலியாக இருந்த ஒரு சக்கர நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். தட்டினான், நாற்காலி நின்றது. தள்ளினான், தட்டு தவறியது. இரண்டையும் சேர்த்துச் செய்யப் போய்ச் சுவரில் முட்டினான். மையமே கூடி நின்று சிரித்தது. அவன் விடவில்லை. கண்ணை மூடி, வாய்க்குள் முணுமுணுத்து, பழைய மெட்டை இழுத்து நீட்டிப் பார்த்தான். ஒரு தாளத்துக்குத் தட்டு, மறு தாளத்துக்குத் தள்ளு… நாற்காலி உருள உருளக் கை தட்டியது.

"கையும் கையும் சேர்த்துத் தட்டுங்கடி – தட்டிச்
சக்கரம் ஒருசுத்து சுத்துங்கடி…"

"வந்துருச்சுங்க அம்மணி," என்றான். கண் இரண்டும் விளக்குப் போட்டதுபோல மின்னின. மதிவதனிக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் இளநீர் என்று அஃப்ஷீனிடம் சொன்னாள். அஃப்ஷீன் நம்பவில்லை.

அப்புறம் ஞாயிறு என்றாலே கும்மி. "தள்ளு பிந்துதுங்க அம்மணி," என்பான். "பாட்டு முந்துதுங்க வாத்தியாரே," என்பாள். அவன் பாடும்போது கண் தன்னால் மூடிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து இவள் ஆசைதீரப் பார்த்துக்கொள்வாள். திறந்தால் எங்கோ மரத்தைப் பார்ப்பாள். ஒருநாள் அவன் சட்டென்று திறந்துவிட்டான்… மாட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் அதற்குப் பிறகு தாளமே நிற்கவில்லை.

ஆனாலும் மனசுக்குள் ஒரு முள். இவன் வருவது எதற்காக? செய்த தப்புக்குப் பரிகாரமா? இரக்கமா? ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு எத்தனை பேருடைய 'ஐயோ பாவ'த்தைப் பார்த்துவிட்டாள். வேலைக்குப் போகிறாள், கார் ஓட்டுகிறாள், அப்படியும் கல்யாண வீடுகளில் கன்னத்தைத் தடவி உச்சுக்கொட்டுகிறார்கள். இவனும் அந்த ரகம்தான் என்று தெரிந்தால்… தாங்க முடியாது என்று தோன்றியது.

நோம்பி நாள் வந்தது. தொண்டாமுத்தூரே திருவிழாக் கோலத்தில் இருந்தது. கோயில் முன்னால் தண்ணீர் தெளித்துக் கெட்டிப்படுத்திய மைதானம். மாலை வெயில் மலைமேல் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. உள்வட்டத்தில் மையத்துக்காரர்கள், அரக்குப் புடவையும் பட்டைச் சரிகையுமாக. வெளிவட்டத்தில் ஊர்க்காரர்கள். கிருபாசங்கர் பாட்டை எடுத்தான். தட்டு, தள்ளு, தட்டு, தள்ளு… சக்கரம் உருண்டது, சலங்கை குலுங்கியது, கூட்டம் விசிலடித்தது. மதிவதனிக்குத் தான் பறப்பதுபோல இருந்தது. இப்படிச் சந்தோஷமாக இருந்து எவ்வளவு காலமாயிற்று.

அப்போதுதான் முதல் வரிசையிலிருந்து பாலுசாமி எழுந்து மைக்கை வாங்கினார். கிருபாவின் பெரியப்பா, மோட்டார் பம்புசெட் பட்டறை முதலாளி. ஊரே அவர் பேச்சுக்குக் கட்டுப்படும்.

"இந்தப் பாவப்பட்ட சீவன்களைப் பாக்கறப்ப நெஞ்சு வெடிக்குதுங்க," என்றார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. "போன செம்மத்துல என்ன பாவம் பண்ணுச்சுகளோ… அந்த லிப்ட்டுக்கு ஆகற முழுச் செலவும் நான் பாத்துக்கறேன்."

கைதட்டல் பறந்தது. மதிவதனிக்கு முகம் சுட்டது. ஆனால் லிப்ட்… கைக்கெட்டும் தூரத்தில் லிப்ட். விழுங்கிக்கொள்ளடி, என்று தன்னிடமே சொன்னாள்.

"பெரியப்பா," என்றான் கிருபா, மைக்கைத் திரும்ப வாங்கி. "பாவம்னு குடுக்கற காசு எங்களுக்கு வேண்டாமுங்க."

பாலுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தார். கிருபா மதிவதனியைப் பார்த்தான், பாராட்டுவாள் என்று எதிர்பார்த்து.

"யாரைக் கேட்டு வேண்டாம்னீங்க?" என்றாள்.

"உங்களை அப்படிப் பேசறப்ப எப்படிங்க…"

"பேசுனது என்னைத்தானே? கோவப்படறதா, பொறுத்துக்கறதான்னு நானில்ல சொல்லணும்? அன்னைக்கு என் சேரைப் புடிச்சீங்க, இன்னைக்கு மைக்கைப் புடிச்சுட்டீங்க. எனக்கு என்ன வேணும்னு ரெண்டு தடவையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. என்னைக் கேக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

அவள் கண் நிரம்பிவிட்டது. அவன் கையிலிருந்த மைக்கைக் கீழே இறக்கினான்.

"தப்புத்தானுங்க. இப்ப நான் என்ன செய்யோணும்?"

"பாடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு காருக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"ஏனுங்கய்யா, பாதிக் கும்மியில எந்திரிச்சுப் போறீங்களே, அது மரியாதைங்களா?"

"எனக்கெங்கீங்க அம்மணி மரியாதை இருக்குது? அவன்தான் ஊருக்கு முன்னாடி வாங்கிப்போட்டானே."

"உங்க புள்ளைக்கு மொத அடவு சொல்லிக் குடுத்ததே நீங்கதானாமே? சொல்லிக்கிட்டே இருப்பாரு. எங்களோட ஒரு சுத்து ஆடிட்டுப் போங்க… கால் கீழ படாம. ஆடிட்டு, அப்பறமும் நாங்க பாவம்னு தோணுச்சுன்னா, தாராளமாப் போங்க."

பாலுசாமி மீசையைத் தடவினார். ஆட்டக்காரனுக்கு ஆட்டத்தில் சவால் விட்டால் சும்மா போக முடியுமா? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மையத்திலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு காலிச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார்.

கிருபா பாடினான். பெரியவர் தட்டினார், வண்டி நின்றது. தள்ளினார், வண்டி வட்டத்தைவிட்டு ஓடிப்போய் அஃப்ஷீன்மேல் மோதியது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இருங்கப்பா, புடிபட்டுருச்சு" என்று மறுபடி முட்டினார். மதிவதனி பக்கத்திலேயே உருண்டு, "இப்பத் தட்டுங்க… இப்பத் தள்ளுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒருவழியாகத் தாளத்தில் விழுந்து அவர் ஒரு முழு வட்டம் வந்தபோது மைதானம் அதிர்ந்தது.

வேர்க்க விறுவிறுக்க மைக்கை வாங்கினார்.

"நான் பேசுனது தப்புங்க. பாவமாவது ஒண்ணாவது… என்ற தோள்பட்டை ரெண்டும் கழண்டுபோச்சு. இந்தப் புள்ளைக கையில இருக்கற பவரு என்ற மோட்டாருலயும் இல்ல. லிப்ட்டு நான்தான் வாங்கித் தருவேன். எனக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்ததுக்குத் தட்சணைன்னு வெச்சுக்குங்க. ஏனுங்க அம்மணி, வாங்கிக்குவீங்களா?"

கேட்டுவிட்டு அவள் பதிலுக்காக நின்றார்.

"சந்தோசமா வாங்கிக்கறோமுங்க," என்றாள் மதிவதனி.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. எனக்கு ஒரு சுத்து, உனக்கு ஒரு சுத்து என்று அந்த நாற்காலிக்கு ஊரே வரிசை கட்டிவிட்டது. ஏறுகிறவர்கள் எல்லாம் அன்பளிப்புக் குடத்தில் காசு போட்டுவிட்டுத்தான் ஏறினார்கள்.

கூட்டம் கலையும்போது தூறல் ஆரம்பித்தது. கிருபா தூரத்தில் மைக்செட் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"வாத்தியாரே," என்று கூப்பிட்டாள். வந்தான். மழை அவன் முடியில் மணிமணியாக நின்றது.

"லிப்ட்டு வந்துருமுங்க," என்றான். "நான் செஞ்ச தப்புக்கு ஒரு வழி ஆயிருச்சு."

"அதுக்குத்தான் வாராவாரம் வந்தீங்களா?"

"மொத வாரம் அதுக்குத்தான் வந்தேனுங்க."

"அப்பறம்?"

அவன் ஒயரையே பார்த்தான். "அப்பறம் வந்தது உங்களுக்காகத்தானுங்க. நோம்பி முடிஞ்சதும் சொல்லிப்போடலாம்னு இருந்தேன். நீங்க இன்னைக்குக் கேட்டீங்க பாருங்க… அதுக்கு மேல எனக்குத் தைரியம் வரலீங்க. உங்களுக்கு என்ன வேணும்னு நான் முடிவு பண்ணப்படாதில்லீங்களா?"

மதிவதனி கொஞ்சம் முன்னால் உருண்டு வந்தாள். அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். தேடித் தேடிப் பார்த்தாள். ஒரு துளி இரக்கம்கூட இல்லை அங்கே. பயம் இருந்தது, ஆசை இருந்தது, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனின் தவிப்பு இருந்தது.

"செரி. எனக்கு என்ன வேணும்னு நானே சொல்லட்டுமா?"

தலையாட்டினான்.

"நீங்க வேணும்."

சுருட்டிய ஒயர் கையிலிருந்து நழுவியது. அவள் எதிரே ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஞாயித்துக்கெழமைக்கு மட்டுமுங்களா?" என்றான் கடைசியில்.

"தெனமும்… உங்களுக்குச் சம்மதம்னா."

"எனக்கும் நீங்கதான் வேணும், மதி," என்றான் கிருபாசங்கர். 'அம்மணி' போடாமல் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.