உருளாத மேடு

மண்சரிவில் புதைந்தவர்களைத் தேடுவதைப் பதினோராம் நாளோடு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினால் நிறுத்தட்டும் என்று சவரிமுத்து கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். மண்ணுக்குள் கிடப்பது அவன் தங்கை ரெஜினா. அவளைக் கொண்டுவந்து அடக்கம் செய்யாமல் அவனுக்குச் சோறு இறங்காது. கூட வந்தவர்கள் இரண்டே பேர்: திருப்பூரில் வேலை பார்க்கும் அவள் புருஷன் பிலவேந்திரன், நிலவியல் படித்த ஜமீலா.

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மழை வலுத்தால், செங்குத்துச் சரிவில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் புல்மேட்டு வீடுகளுக்குப் போய்விடுவார்கள். எலுமிச்சம்பழத்தை வைத்தால்கூட உருளாத மேடு, அங்கே என்ன ஆகிவிடும்? கடைசியில் செங்குத்துச் சரிவு அசையாமல் நின்றது. புல்மேடுதான் போய்விட்டது.

புதரை வெட்டி, அட்டைகளைப் பிடுங்கி எறிந்தபடி மூவரும் மேடு இருந்த இடத்துக்கு ஏறினார்கள். வெறும் பாறைதான் மிச்சம், அதுவும் லேசான சாய்வு. கால் வைத்ததும் சவரிமுத்து சறுக்கினான். கயிறு மட்டும் இல்லையென்றால் அவனும் பள்ளத்துக்குப் போயிருப்பான்.

பாறையில் ஒட்டியிருந்த சாம்பல் நிறக் களிமண்ணை ஜமீலா விரலால் வழித்துக் காட்டினாள். இரண்டு பாறை அடுக்குகளுக்கு நடுவே இருந்தது இதுதான். மேல் அடுக்கின் வெடிப்பில் இறங்கும் மழைத்தண்ணீர் இதைத் தாண்ட முடியாமல் தேங்கும். களிமண் குழைந்து பிடி விட்டுவிட்டால், மேலே உள்ளதெல்லாம் மொத்தமாக வழுக்கிக்கொண்டு போகும், அதற்குச் செங்குத்து வேண்டியதில்லை என்றாள்.

"எல்லாரும் நேர்கீழே தோண்டினாங்க. பாறை சாஞ்சிருக்கிறது கிழக்கால. வீடு அந்தப் பக்கம்தான் போயிருக்கும்."

கிழக்கு ஓடையில் இடுப்பளவு தண்ணீரைக் கடந்ததும் பச்சைத் தகரக்கூரை தெரிந்தது. மத்தியானம் வரை தோண்டினார்கள். கூரைக்கடியில், சுவரோரமாக ரெஜினா கிடந்தாள். சவரிமுத்து வாய்விட்டு அழுதான்.

மேட்டை ஒட்டி அதே களிமண்மேல் இன்னும் ஒன்பது வீடுகள் இருப்பதால், உடனே காலி செய்யச் சொல்ல ஜமீலா முன்னால் ஓடினாள். கம்பில் கயிற்றைக் கட்டி, ஆண்கள் இருவரும் ரெஜினாவைச் சுமந்தார்கள். பாதி வழியில் சவரிமுத்துவால் அடக்க முடியவில்லை.

"மாப்ள, அவ லயத்துலயே இருக்கேன்னுதான் சொன்னா. நான்தான் வைஞ்சு மேட்டுக்கு அனுப்புனேன்."

பிலவேந்திரன் கம்பைத் தோள் மாற்றிக்கொண்டான்.

"திருப்பூர்ல இருந்து போன் பண்ணி நானும் அதத்தான் சொன்னேன், மச்சான்."

லயத்துக்குத் திரும்பியபோது ஒன்பது வீட்டுக்காரர்களும் மூட்டை முடிச்சோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மூட்டைகளைப் பாதையிலேயே இறக்கிவைத்துவிட்டு, ரெஜினாவுக்குத் தோள் கொடுக்க வந்தார்கள்.